நகல் கணினிகளும் அடையாள எண்ணும்: சிஸ்ப்ரெப் வந்த கதை

1990களின் நடுப்பகுதி. நாற்பது புதுக் கணினிகள் வந்து இறங்கியிருக்கும் ஓர் ஆய்வகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் விண்டோஸ் என்.டி. நிறுவ வேண்டும். பிறகு டிரைவர்கள், ஆபீஸ் மென்பொருள், அச்சுப்பொறி அமைப்பு. ஒரு கணினிக்கு அரைநாள் என்றாலும் நாற்பதுக்கு இருபது நாள் ஆகும். அதிலும் ஒன்றைப் போல இன்னொன்று அமையாது. ஏழாவது கணினியில் ஒரு கட்டத்தை 'டிக்' செய்ய மறந்திருப்பார்கள். இருபத்து மூன்றாவதில் அச்சுப்பொறி வேலை செய்யாது.

இந்தத் தலைவலிக்கு நியூசிலாந்திலிருந்து மருந்து வந்தது. ஆக்லாந்து நகரில் பைனரி ரிசர்ச் என்ற சிறு நிறுவனத்தை நடத்திய மர்ரே ஹாசார்ட் 1995ல் 'கோஸ்ட்' என்ற மென்பொருளை எழுதினார். ஒரு கணினியைச் சீராக அமைத்து முடித்ததும் அதன் வன்தட்டு முழுவதையும் ஒரே கோப்பாக எடுத்து, மற்றக் கணினிகளின் வன்தட்டில் அப்படியே இறக்கிவிடலாம். அரைநாள் வேலை சில நிமிடங்களில் முடிந்தது. இப்படி எடுத்த கோப்புக்கு 'இமேஜ்' என்று பெயர். 1998ல் சிமாண்டெக் நிறுவனம் கோஸ்டை விலைக்கு வாங்கியது. அதன்பின் பல அலுவலகங்களில் 'கோஸ்ட் அடிப்பது' என்பது ஒரு வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது.

ஆனால் நாற்பது கணினிகளும் 'அப்படியே' ஒன்றாக இருந்ததில்தான் சிக்கல் ஆரம்பித்தது.

விண்டோஸ் என்.டி. நிறுவப்படும்போது ஒவ்வொரு கணினிக்கும் ஓர் அடையாள எண்ணைத் தானே உருவாக்கிக்கொள்ளும். இதை எஸ்.ஐ.டி. என்பார்கள், அதாவது பாதுகாப்பு அடையாள எண். இது எஸ்-1-5-21 என்று தொடங்கும். அதைத் தொடர்ந்து மூன்று 32 பிட் எண்கள் வரும். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அந்தக் கணினிக்கு உரியது. அந்தக் கணினியில் உருவாகும் பயனர் ஒவ்வொருவருக்கும் இதன் கடைசியில் இன்னொரு சிறிய எண் ஒட்டப்படும். அட்மினிஸ்ட்ரேட்டருக்கு எப்போதும் 500, கெஸ்ட் கணக்குக்கு 501. நாம் உருவாக்கும் பயனர்களுக்கு 1000லிருந்து ஆரம்பிக்கும். ஒரு கோப்பை யார் திறக்கலாம், யார் அழிக்கலாம் என்ற அனுமதிப் பட்டியலில் விண்டோஸ் எழுதி வைப்பது உங்கள் பெயரை அல்ல, இந்த எண்ணைத்தான். பெயரை மாற்றிக்கொண்டாலும் பழைய கோப்புகள் திறப்பது இதனால்தான்.

வன்தட்டை நகலெடுத்தால் இந்த எண்ணும் கூடவே நகலாகிவிடும். நாற்பது கணினிக்கும் ஒரே எண். முதல் கணினியில் முதலில் உருவாக்கிய பயனரும் நாற்பதாவது கணினியில் முதலில் உருவாக்கிய பயனரும் விண்டோஸின் கணக்கில் ஒரே ஆள்! என்.டி.எஃப்.எஸ். வடிவில் உள்ள ஒரு வட்டை இங்கிருந்து கழற்றி அங்கே மாட்டினால், ஒருவர் தனக்கு மட்டும் என்று பூட்டி வைத்த கோப்பு இன்னொருவருக்குத் திறந்துவிடும். நிறுவி முடித்த விண்டோஸ் என்.டி.யை வட்டோடு நகலெடுக்க வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட் தன் உதவிக் குறிப்புகளில் எழுதியே வைத்தது. எழுதி வைத்தால் யார் கேட்கிறார்கள்? இருபது நாள் வேலை ஒரு மதியத்தில் முடிகிறது என்றால் உலகம் எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த இடைவெளியில் புகுந்தவர்கள் மார்க் ருசினோவிச், பிரைஸ் காக்ஸ்வெல் என்ற இருவர். சிஸ்இன்டர்னல்ஸ் என்ற பெயரில் விண்டோஸின் உள்வேலைகளைத் தோண்டிப் பார்க்கும் இலவசக் கருவிகளை வெளியிட்டு வந்தவர்கள். 1997ல் அவர்கள் எழுதிய கருவி பின்னாளில் 'நியூசிட்' என்ற பெயரில் புகழ்பெற்றது. நகலெடுத்த கணினியில் இதை ஓட்டினால் புதிதாக ஓர் எண்ணை உருவாக்கும். பிறகு ரெஜிஸ்ட்ரியிலும் கோப்புகளின் அனுமதிப் பட்டியல்களிலும் பழைய எண் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் தேடிப்பிடித்துப் புது எண்ணை எழுதும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்குச் சக்கரம் மாற்றுவது போன்ற வேலைதான், ஆனாலும் நன்றாகவே ஓடியது. கோஸ்டும் தன் பங்குக்கு 'கோஸ்ட் வாக்கர்' என்று இதே வேலையைச் செய்யும் கருவி ஒன்றைச் சேர்த்துக்கொண்டது.

மைக்ரோசாஃப்ட் எடுத்த வழி வேறு. நகலெடுத்த பிறகு திருத்துவதற்குப் பதிலாக, நகலெடுப்பதற்கு முன்பே மூலக் கணினியின் அடையாளத்தை உரித்துவிடுவது! இதற்காக வந்ததுதான் 'சிஸ்டம் பிரிபரேஷன் டூல்', சுருக்கமாக சிஸ்ப்ரெப். என்.டி. 4.0 காலத்திலேயே அது இருந்தாலும் பரவலானது 2000ஆம் ஆண்டில் விண்டோஸ் 2000 வந்தபோதுதான். சிஸ்ப்ரெப்பை ஓட்டினால் கணினி டொமைனிலிருந்து விலகிக்கொண்டு தன்னையே அணைத்துக்கொள்ளும். அந்த நிலையில் வட்டை நகலெடுக்க வேண்டும். நகல் முதல்முறை விழிக்கும்போது புது எண்ணை உருவாக்கிக்கொண்டு, பெயர் என்ன, எந்த நேர மண்டலம் என்று கேட்கும் ஒரு குட்டி நிறுவலை நடத்தும். விஸ்டா காலத்தில் இது இன்னும் ஒழுங்கானது. 'ஜெனரலைஸ்' என்றால் அடையாளத்தை நீக்குவது, 'ஸ்பெஷலைஸ்' என்றால் புது அடையாளம் கொடுப்பது என்று கட்டங்களைப் பிரித்து, பதில்களை முன்கூட்டியே ஓர் எக்ஸ்.எம்.எல். கோப்பில் எழுதி வைக்கும் வசதியும் வந்தது.

இங்கே பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒரு விஷயம் உண்டு. சிஸ்ப்ரெப் கணினியின் அடையாளத்தை நீக்குமே தவிர, இமேஜ் தயாரித்தவர் உருவாக்கிய பயனர் கணக்குகளை நீக்காது. தயாரிப்பவர் 'டெஸ்ட்' என்று ஒரு கணக்கு வைத்து, 'டெஸ்ட்' என்றே கடவுச்சொல்லும் கொடுத்து மறந்துவிட்டால், அது நாற்பது கணினியிலும் உயிரோடு இருக்கும். அதைத் தவிர்க்கத்தான் 'ஆடிட் மோட்' என்ற ஒரு நிலை வைக்கப்பட்டது. முதல் தொடக்கத்தில் பெயர் கேட்கும் திரையில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால், புதிதாக ஒரு பயனரை உருவாக்காமலே உள்ளே போய் எல்லாவற்றையும் அமைத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 8க்குப் பிறகு இது வசதி என்ற நிலையிலிருந்து கிட்டத்தட்டக் கட்டாயமாகவே மாறியது. காரணம், ஸ்டோர் செயலிகள் ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியே நிறுவப்படுகின்றன. ஒரு பயனருக்கு மட்டும் நிறுவப்பட்ட செயலி ஒன்று எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தாலும் சிஸ்ப்ரெப் பிழை காட்டி நின்றுவிடும். ஏதோ ஒரு விளையாட்டுச் செயலி தானே வந்து புதுப்பித்துக்கொண்டதால் ஒரு நாள் உழைப்பு வீணான அனுபவம் இந்தத் துறையில் இருப்பவர்களுக்குப் புதிதல்ல.

அதற்குள் நகலெடுக்கும் பழக்கமே வடிவம் மாறியிருந்தது. 1999ல் விஎம்வேர் நிறுவனம் சாதாரண கணினிகளுக்கான மெய்நிகர் இயந்திர மென்பொருளை வெளியிட்டது. மெய்நிகர் இயந்திரத்தின் வன்தட்டு என்பதே ஒரு கோப்புதான். நகலெடுக்கக் கோஸ்ட் எதற்கு? சாதாரண காப்பி, பேஸ்ட் போதும். முன்பு நகலெடுக்க ஒருவர் திட்டமிட வேண்டியிருந்தது, இப்போது மவுஸை இரண்டு முறை சொடுக்கினால் போதும். யோசிக்காமல் நகலெடுப்பது இங்கேதான் பெருகியது.

லினக்ஸ் உலகத்தில் எஸ்.ஐ.டி. கிடையாது. அதனால் சிக்கலும் கிடையாது என்று லினக்ஸ் அன்பர்கள் கொஞ்ச காலம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டது உண்மை. நகல்கள் பெருகப் பெருக வேறு வடிவில் அது வெளியே வந்தது. முதலில் வலை அட்டை. லினக்ஸின் யூடெவ் என்ற பகுதி, ஒவ்வொரு வலை அட்டையின் மேக் முகவரியையும் ஒரு கோப்பில் குறித்து வைத்து 'இதுதான் ஈத்0' என்று ஞாபகம் வைத்துக்கொண்டது. மெய்நிகர் இயந்திரத்தை நகலெடுத்தால் நகலுக்குப் புது மேக் முகவரி கிடைக்கும். பழைய ஞாபகத்தில் இருக்கும் அட்டையைக் காணோம், யாரோ புது ஆள் வந்திருக்கிறார் என்று யூடெவ் அவருக்கு 'ஈத்1' என்று பெயர் வைக்கும். ஐ.பி. முகவரி எழுதியிருப்பதோ ஈத்0வுக்கு. விளைவு, நகலில் இணைப்பே இருக்காது. இது வெறும் எரிச்சல்தான், ஆபத்து இல்லை.

ஆபத்து எஸ்.எஸ்.எச். சாவியில் இருந்தது. தொலைவிலிருந்து ஒரு சர்வருக்குள் நுழையும்போது, நாம் நினைத்த சர்வர்தான் இது என்று நமக்கு உறுதி தருவது அந்தச் சர்வரின் ஹோஸ்ட் சாவி. நகலெடுத்தால் எல்லா நகலுக்கும் ஒரே சாவி. ஒரே இமேஜிலிருந்து ஆயிரம் பேருக்கு ஆயிரம் சர்வர் கொடுத்தால், அதில் எவர் ஒருவரும் தன் வட்டில் உள்ள ரகசியச் சாவியைக் கொண்டு மற்ற 999 பேரின் சர்வராக நடிக்க முடியும். ஒரு வீட்டுமனைத் திட்டத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே பூட்டுப் போட்டால் எப்படியோ அப்படி.

இது எவ்வளவு தூரம் போயிருந்தது என்பது 2011ல் தெரிந்தது. அமேசானின் இ.சி.2 மேகக்கணினிச் சேவை 2006ல் தொடங்கியது. அதில் யார் வேண்டுமானாலும் இமேஜ் தயாரித்துப் பொதுவில் வைக்கலாம், யாரும் எடுத்து ஓட்டலாம். ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வாளர்கள் குழு ஒன்று 2010 நவம்பர் முதல் 2011 மே வரை இப்படிப் பொதுவில் கிடந்த 5,303 இமேஜ்களை எடுத்துச் சோதித்தது. அவற்றில் ஏறக்குறைய 22 விழுக்காட்டில், தயாரித்தவரோ வேறு ஒருவரோ பின்னாளில் உள்ளே நுழைய வழி செய்யும் சாவிகளோ கடவுச்சொற்களோ விடப்பட்டிருந்தன. பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் அல்ல, துடைக்க மறந்ததால். ஆனால் மறந்ததா, வேண்டுமென்றே வைத்ததா என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? எதிர்த்திசையிலும் ஆபத்து இருந்தது. தயாரித்தவர்கள் தங்கள் சொந்த ரகசியச் சாவிகளையும், தட்டச்சு செய்த கட்டளைகளின் வரலாற்றையும் உள்ளேயே விட்டிருந்தார்கள். 'அழித்துவிட்டோம்' என்று நினைத்த கோப்புகளைக்கூட ஆய்வாளர்களால் மீட்க முடிந்தது. கோப்பை நீக்குவது பெயரைத்தான் நீக்கும், வட்டில் எழுதியது அங்கேயே கிடக்கும் என்ற பழைய பாடம்தான்.

இதே காலத்தில்தான் லினக்ஸுக்கும் துடைப்பான்கள் வந்தன. ரெட் ஹேட் நிறுவனத்தின் ரிச்சர்ட் ஜோன்ஸ் தொடங்கிய லிப்கெஸ்ட்எஃப்எஸ் திட்டத்தில் 2011ல் 'விர்ட்-சிஸ்ப்ரெப்' என்ற கருவி சேர்ந்தது. பெயரிலேயே மைக்ரோசாஃப்டுக்குக் கடன்பட்டது தெரிகிறது. ஆனால் வேலை செய்யும் முறை வேறு. இயந்திரத்தை இயக்காமலே, அணைந்து கிடக்கும் வட்டுக் கோப்பைத் திறந்து, எஸ்.எஸ்.எச். சாவிகள், யூடெவின் ஞாபகக் கோப்பு, பதிவேடுகள், கட்டளை வரலாறு, மின்னஞ்சல் குவியல் என்று ஒவ்வொன்றாக நீக்கும். சுவாரஸ்யம் என்னவென்றால், ரூட் தவிர மற்றப் பயனர் கணக்குகள் அனைத்தையும் வீட்டு அடைவோடு சேர்த்து நீக்கும் வேலையும் பட்டியலில் உண்டு. ஆனால் நாமாகக் கேட்டால்தான் அதைச் செய்யும். சரியான முடிவு என்றே சொல்ல வேண்டும். சாவியை நீக்கினால் அடுத்த முறை புதிதாக உருவாகிவிடும். ஒருவரின் வீட்டு அடைவு அப்படித் திரும்பி வராது.

துடைப்பது பாதி வேலை. புது அடையாளத்தைக் கொடுப்பது மறுபாதி. உபுண்டுவை வெளியிடும் கனானிகல் நிறுவனம் இ.சி.2வுக்காக உருவாக்கி, பின்னர் ஏறக்குறைய எல்லா மேகச் சேவைகளுக்கும் பொதுவாகிவிட்ட கிளவுட்-இனிட் இதைச் செய்தது. முதல் தொடக்கத்தில் அது ஓடி, இயந்திரத்தின் பெயர், புது ஹோஸ்ட் சாவி, உரிமையாளரின் கணக்கு எல்லாவற்றையும் அமைக்கும். கடவுச்சொல்லே இல்லாமல், உரிமையாளர் கொடுத்த பொதுச்சாவியை மட்டும் ஏற்கும் பழக்கம் இதனால்தான் பரவியது.

ஒன்றை அடைத்தால் இன்னொன்று திறக்கும். சிஸ்டம்டி வந்தபோது ஒவ்வொரு லினக்ஸ் கணினிக்கும் 32 பதினாறும எண்கள் கொண்ட 'மெஷின்-ஐடி' என்ற கோப்பு வந்தது. லினக்ஸுக்கும் ஒருவகையில் எஸ்.ஐ.டி. வந்துவிட்டது! உபுண்டு 18.04ல் ஐ.பி. முகவரி கேட்கும்போது கணினி தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது மேக் முகவரியால் அல்ல, இந்த மெஷின்-ஐடியிலிருந்து செய்த ஓர் எண்ணால். எனவே நகலெடுத்த இரண்டு இயந்திரங்கள் வெவ்வேறு மேக் முகவரி வைத்திருந்தும் ஒரே ஐ.பி. முகவரியை வாங்கிக்கொண்டு ஒன்றையொன்று முட்டித் தள்ளின. காரணம் புரியாமல் ரவுட்டரைத் திட்டியவர்கள் ஏராளம். இதில் ஒரு நுணுக்கமும் உண்டு. இமேஜ் எடுக்குமுன் அந்தக் கோப்பை நீக்குவதைவிட, உள்ளடக்கத்தை மட்டும் காலி செய்து வைப்பதே வழக்கம். வெறும் கோப்பைப் பார்த்தால் 'இன்னும் எண் வாங்கவில்லை' என்று சிஸ்டம்டி புரிந்துகொண்டு புதிது எழுதும்.

இதைவிட நுட்பமான ஒன்றை 2010ல் தாமஸ் ரிஸ்டன்பார்ட், ஸ்காட் யிலெக் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் இயந்திரத்தை அந்த நொடியில் உறையவைத்து, அதிலிருந்து இரண்டு முறை எழுப்பினால், நினைவகத்தில் இருந்த சீரற்ற எண்களும் இரண்டு முறை அதேபோல வரலாம். ரகசியக் குறியீட்டுக்கு ஒரே சீரற்ற எண்ணை இரண்டு முறை பயன்படுத்துவது, சில நேரம் சாவியையே கையில் எடுத்துக் கொடுப்பதற்குச் சமம். கோப்பைத் துடைக்கும் எந்தக் கருவியாலும் இதைத் தடுக்க முடியாது. 'நீ நகலெடுக்கப்பட்டாய்' என்று இயந்திரத்துக்கு வெளியிலிருந்து யாராவது சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்ட் 2012ல் ஹைப்பர்-வியில் இதற்காகவே ஓர் எண்ணை வைத்தது. லினக்ஸ் கெர்னல் அதைக் கவனித்துச் சீரற்ற எண்களைப் புதுப்பிக்கக் கற்றுக்கொண்டது 2022ல்.

இனி, நியூசிட் என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும். இந்தக் கதையின் உச்சம் அங்கேதான் இருக்கிறது.

2006ல் மைக்ரோசாஃப்ட் சிஸ்இன்டர்னல்ஸை வாங்க, ருசினோவிச் மைக்ரோசாஃப்டில் சேர்ந்தார். விஸ்டாவில் நியூசிட் சரியாக ஓடவில்லை என்ற புகார்கள் வந்தன. அதைச் சரிசெய்ய உட்கார்ந்தவர், அடிப்படைக் கேள்வியையே திரும்பக் கேட்டார். இரண்டு கணினிக்கு ஒரே எஸ்.ஐ.டி. இருந்தால் உண்மையில் என்னதான் கெட்டுப்போகும்? ஒரு கணினி இன்னொன்றுடன் பேசும்போது பெயரும் கடவுச்சொல்லும்தான் போகின்றன, கணினியின் எஸ்.ஐ.டி. வெளியே போவதே இல்லை. டொமைனில் சேர்ந்தால் அங்கே டொமைன் தரும் வேறு எண்தான் பேசும். கழற்றக்கூடிய வட்டுப் பிரச்சினையும் பெரிதல்ல, ஏனென்றால் வட்டைக் கையில் வைத்திருப்பவர் அனுமதிகளை எப்படியும் தாண்டிவிடலாம். டொமைன் கண்ட்ரோலர் மட்டும்தான் விதிவிலக்கு. மைக்ரோசாஃப்டின் பாதுகாப்புக் குழுவிடம் கேட்டும் யாராலும் ஓர் உதாரணம் காட்ட முடியவில்லை.

2009 நவம்பரில் அவர் இதை வெளிப்படையாக எழுதினார். எஸ்.ஐ.டி. இரட்டிப்பு என்பது ஒரு கட்டுக்கதை, நியூசிட்டை விலக்கிக்கொள்கிறோம் என்று. பன்னிரண்டு வருடம் உலகமே ஓட்டிய கருவிக்குத் தேவையே இருக்கவில்லை என்று அதை எழுதியவரே ஒப்புக்கொண்டார். எத்தனை பேருக்கு இந்தத் துணிவு வரும்? அதே கட்டுரையில், எஸ்.ஐ.டி. தவிர வேறு பல அடையாளங்களும் சிஸ்ப்ரெப்பால் புதுப்பிக்கப்படுவதால் அதை ஓட்டத்தான் வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். உதாரணம் விண்டோஸ் அப்டேட். அலுவலகத்துக்குள் அப்டேட் வழங்கும் சர்வர் ஒவ்வொரு கணினியையும் ஒரு தனி எண்ணால் அறியும். நகல்களுக்கு அந்த எண் ஒன்றாகவே இருந்தால், நூறு கணினிகள் இருக்கும் இடத்தில் பட்டியலில் ஒன்றுதான் தெரியும். மீதி 99க்கு அப்டேட் போனதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

ஆனால் மனிதர்கள் படிப்பது தலைப்பைத்தானே. 'கட்டுக்கதை' என்ற சொல் மனதில் நின்றது. 'ஆனாலும் சிஸ்ப்ரெப் தேவை' என்ற பாதி நழுவிப்போனது. சிஸ்ப்ரெப் மேல் ஏற்கெனவே கடுப்பும் இருந்தது. விண்டோஸ் 7ல் ஒரு இமேஜில் மூன்று முறைக்கு மேல் ஆக்டிவேஷனைத் திருப்பி அமைக்க முடியாது என்ற கட்டுப்பாடு வேறு. மெய்நிகர் இயந்திரத்தை நகலெடுத்து, பெயரை மட்டும் மாற்றி, டொமைனில் சேர்ப்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. அது வேலையும் செய்தது. பதினாறு ஆண்டுகள் செய்தது.

2025 ஆகஸ்ட் 29 அன்றும் செப்டம்பர் 9 அன்றும் வந்த விண்டோஸ் அப்டேட்களோடு அது நின்றது. விண்டோஸ் 11ன் 24எச்2, 25எச்2 பதிப்புகளிலும் விண்டோஸ் சர்வர் 2025லும் இரு கணினிகள் ஒன்றையொன்று அடையாளம் காணும்போது எஸ்.ஐ.டி.யையும் சோதிக்கும் பாதுகாப்பு அதில் சேர்ந்திருந்தது. இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால் கெர்பரோஸ், என்.டி.எல்.எம். இரண்டு வழியிலும் அனுமதி மறுக்கப்பட்டது. நேற்று வரை திறந்த பகிர்வு அடைவுகள் திறக்கவில்லை. ரிமோட் டெஸ்க்டாப் சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் திரும்பத் திரும்பக் கேட்டது. கடவுச்சொல் தவறு என்று நினைத்து மாற்றிப் பார்த்தவர்களுக்கும் பலன் இல்லை. எந்தக் காரணமும் சொல்லாமல் கதவு மூடியது போலத்தான் பலருக்கும் இருந்தது. நிகழ்வுப் பதிவேட்டைத் துழாவியவர்களுக்கு மட்டும், இயந்திர அடையாளம் பகுதியளவு பொருந்தவில்லை என்ற ஒரு வரி கிடைத்தது.

2009ல் ருசினோவிச் சொன்னது பொய்யல்ல. அன்றைய விண்டோஸில் அந்த எண் வெளியே போகவில்லை. எண் பயன்படாத வரைக்கும் இரட்டிப்பு ஒரு குறையே இல்லை. ஒரு நாள் யாரோ அதைப் பயன்படுத்தத் தீர்மானித்தார்கள், அவ்வளவுதான். மைக்ரோசாஃப்ட் அக்டோபரில் வெளியிட்ட குறிப்பில் நிரந்தரத் தீர்வு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒரே எண் கொண்ட கணினிகளை, அங்கீகரிக்கப்பட்ட முறையில், அதாவது சிஸ்ப்ரெப் வழியாக, மறுபடி அமைக்க வேண்டும். அதற்கு அவகாசம் தேவைப்பட்டவர்கள் மைக்ரோசாஃப்டின் வணிக உதவிப் பிரிவைத் தொடர்புகொண்டு தற்காலிகமாக ஒரு குரூப் பாலிசியை வாங்கிக்கொள்ளலாம் என்றும் அதில் இருந்தது.